கொழுந்துக்கு இருந்த புகைபோக்கி

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதையில் ஒவ்வொரு தோட்டத்தையும் தூரத்திலிருந்தே இனங்காட்டுவது அதன் தேயிலைத் தொழிற்சாலையும் அதன் மேல் எழும் புகைபோக்கியுமே. டயகம, ஹோல்புறூக், டொரிங்டன், வேவர்லி என எத்திசை திரும்பினாலும் இதே காட்சிதான். அருகே வரிசையாகக் கிடக்கும் லயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாகவும் கதவு வழியாகவும் புகை தானே வெளியேறிக்கொள்ள வேண்டும். மலையக வரலாற்றின் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தில், கொழுந்து கரி அடுப்பின் மேல் தட்டுகளில் பரப்பி உலர்த்தப்பட்டது. தேயிலை எந்த வாசனையையும் விரைவில் உள்வாங்கிக்கொள்ளும் பொருள். புகை பட்டால் லண்டன் சந்தையில் விலை விழும். ஆகவே 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், நெருப்பின் புகை ஒரு வழியாகவும் சூடேறிய தூய காற்று வேறொரு வழியாகவும் செல்லும் உலர்த்தி இயந்திரங்கள் வந்துவிட்டன. பெல்பாஸ்ட் நகரின் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய 'சிரோக்கோ' அவற்றுள் புகழ்பெற்றது. கொழுந்தை வாட்டுவதற்கு மேல் மாடிகள் கட்டப்பட்டு, காற்றோட்டத்துக்காகச் சுற்றிலும் ஜன்னல்கள் வைக்கப்பட்டன. சுருங்கச் சொன்னால், இலை புகையைச் சுவாசிக்கக் கூடாது என்பதற்காகப் பொறியியல் அறிவு முழுவதும் பயன்படுத்தப்பட்டது.

அதே காலத்தில்தான் லயங்களும் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. ஒரு குடும்பத்தின் சமையல், உறக்கம், பிரசவம், மரணம் எல்லாம் அதற்குள்ளேயே. இரட்டை லயங்களில் பின்சுவர் மறுபக்கத்துக் காம்பராவுக்கும் பொது என்பதால் பின்ஜன்னலுக்கு இடமேயில்லை. எரிப்பதற்குக் கவ்வாத்து மிலாறும் காட்டு விறகும். ஈர விறகு முழுமையாக எரியாது, புகையும். மலையின் குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாத்திக்கொண்டால் அந்தக் காற்றில் கலந்து நிற்பவற்றுள் ஒன்று காபன் மொனொக்சைட். தமிழகத்தில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதுவார்கள்.

இந்த வாயுவின் தன்மை அன்று எவருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பிவிட முடியாது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடமில்லாமல் செய்கிறது என்பதைப் பிரான்சின் கிளோட் பெர்னார்ட் 1850களிலேயே விளக்கியிருந்தார். 1896இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்க வெடிப்பை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதன் பின் பரவிய இந்த வாயுவே என்று நிறுவினார். சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசென்று ஆபத்தை முன்னறியலாம் என்ற அவரது யோசனையால் கனாரிக் குருவிகள் பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை பணியாற்றின. அதே சாம்ராஜ்யத்தின் தேயிலை மலைக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை.

1912ஆம் ஆண்டின் சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவத்தையும் லயங்களின் சுகாதாரத்தையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கின. ஆனால் அவற்றின் கவலையெல்லாம் கொள்ளைநோய்கள் பற்றியது. தொழிலாளி செத்தால் ஆள் குறையும், கண் எரிந்தால் குறையாது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. துரைகள் மாறினார்கள், காம்பரா மாறவில்லை. அதில் வாழ்பவருக்கு அது சொந்தமும் ஆகவில்லை.

பிற்காலத்தில் எரிவாயு சிலிண்டர் சில வீடுகளுக்கு வந்தது. புகையற்ற அடுப்பு என்பது பெண்களுக்குப் பெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2021 இறுதியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தன. சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே காரணம் என்று அரசு நியமித்த நிபுணர் குழு கூறியது. வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் பற்றியும் அப்போது பெரும் விவாதம் எழுந்தது. வாயுவுக்கு மணம் சேர்க்கும் விதி பரவலாவதற்கு, 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பாடசாலை வெடிப்பில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், பலியாக வேண்டியிருந்தது.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்கு! மிலாறு மீண்டும் காம்பராவுக்குள் வந்ததில் வியப்பென்ன?

கசியும் எரிவாயுவுக்கு மணம் சேர்த்துவிடலாம். அரைகுறையாக எரியும் நெருப்பில் பிறக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என்று தொடங்குவதால் குளிர்க்காய்ச்சல் என்றே பலர் எண்ணிவிடுவர். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் தணிந்தால் ஐயப்பட வேண்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவிகூட இதை இனங்காணாமல் சரியான அளவையே காட்டக்கூடும். உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் தணல் சட்டியை உறங்கும் அறைக்குள் வைப்பது கொலைக்கு ஒப்பானது. புகை இல்லாத தணலே அதிக ஏமாற்றுக்காரன். எரிவாயு அடுப்பின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படிந்தாலும் எச்சரிக்கைதான்.

பத்திரிகை மேசையில் இருந்த ஆண்டுகளில் லயத்தில் தீ என்ற செய்தியைப் பலமுறை செப்பனிட்டிருக்கிறேன். எரிந்த கூரைக்குப் படம் உண்டு. மெல்லக் கெட்ட நுரையீரலுக்குப் படம் இல்லை, ஆகவே செய்தியும் இல்லை.

லண்டனில் வாழும் வாசகர்கள் ஒன்றை அறிவார்கள். வாடகை வீட்டின் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கொரு முறை பதிவுபெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு பரிசோதித்துச் சான்றிதழ் தரவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பு நீங்கலாக, எரிபொருள் எரிக்கும் நிலையான சாதனம் உள்ள அறையில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் இங்கிலாந்தில் அவருடைய கடமை. அடிப்படைத் தத்துவம் எளியது: சுவர் யாருடையதோ, அதற்குள் இருக்கும் காற்றுக்கும் அவரே பொறுப்பு.

லயத்தின் சுவர் தோட்டத்துக்கு உரியது. இந்திய உதவியுடன் ஏழு பேர்ச் காணியில் கட்டப்படும் தனிவீடுகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் எல்லோருக்கும் தனிவீடு கிடைக்கும் நாள்வரை காம்பராக்களுக்குள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு புகைபோக்கி, திறக்கக்கூடிய ஒரு ஜன்னல், ஆண்டுக்கொரு பரிசோதனை. கொழுந்துக்கு நூறாண்டுக்கு முன்பே கிடைத்தவைதாம் இவை.