மேடேறிய கொடி

பிரான்சின் தென்மேற்கில் கஹோர் என்ற ஊரில், மால்பெக் திராட்சையின் சாற்றைக் ‘கறுப்பு ஒயின்’ என்பார்கள். அத்தனை அடர்த்தி. பக்கத்துப் போர்தோவில் அதற்கு அந்த மரியாதை இல்லை. பிற ரகங்களோடு கலக்க உதவும், அவ்வளவுதான்.

1853இல் மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் தொடங்கிய பண்ணைக்கு மால்பெக் குச்சிகளைக் கொண்டுபோனார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1956 பிப்ரவரி உறைபனியில் கஹோரின் கொடிகள் பெரும்பாலும் கருகின. கடல் கடந்த கொடிகள் பிழைத்துக்கொண்டன.

மெண்டோசா கிட்டத்தட்ட பாலைவனம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். ஆண்டிஸ் மலையில் உருகும் பனிதான் வாய்க்காலில் வந்து பாயும். நகரத்தையொட்டி, 750 மீட்டர் உயரத்தில், பழம் நன்றாகவே பழுத்தது. கொஞ்சம் அதிகமாகவே பழுத்தது என்பேன். ஒயின் கனிந்திருக்கும், ஆனால் சோம்பலாக இருக்கும்.

1992இல் மெண்டோசாவின் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனா ஏறத்தாழ 1,450 மீட்டரில், குவால்தயாரி என்னும் இடத்தில் கொடி நட்டார். அங்கே பழுக்கவே பழுக்காது என்று அவருடைய தோட்டப் பொறுப்பாளரே எச்சரித்தார். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் நகரத்தைவிட நான்கு டிகிரி குளிர்ச்சி. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பொழுது சாய்ந்தால் நடுக்கும். வெப்பமான இரவில் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். குளிரில் அது தங்கிவிடுகிறது. புளிப்பு நிற்பதால் ஒயினும் நிமிர்ந்து நிற்கிறது. மெல்லிய காற்றில் புற ஊதாக் கதிர் கடுமை. அதற்குக் கேடயமாகத் தோல் தடிக்கிறது, நிறமும் துவர்ப்பும் ஏறுகின்றன.

மண்ணோ சத்தில்லாதது. மணல், சரளை, சுண்ணாம்பு பூத்த கூழாங்கற்கள். தண்ணீர் நிற்காது, கொடி செழிக்காது. பழம் சிறுத்து, சாறு குறைந்து, தோலின் பங்கு கூடுகிறது. ஒயினில் கல்லையே சுவைப்பதாகச் சிலர் சிலாகிப்பதை நான் நம்புவதில்லை. வேர் கல்லைக் குடிப்பதில்லை. கல் செய்வது பட்டினி போடுவது மட்டுமே.

மலைத் தோட்டத்து மால்பெக்கில் வயலட் பூவின் வாசம் வந்தது. உலகம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கத் தொடங்கியது. கோ, ஓசெர்வா என்று தங்கள் பழைய பெயர்களால் அழைத்துவந்த கஹோர்க்காரர்களும் இப்போது புட்டியில் ‘மால்பெக்’ என்றே பெரிதாக அச்சிடுகிறார்கள்.