சதுரத்தின் உள்ளும் வெளியும்

விவிலியத்தில் அளவு சொல்கிற அதிகாரங்களை யாரும் நிதானமாக வாசிப்பதில்லை. முழம், சாண் என்று நீளும் கணக்குத்தானே எனத் தாண்டிவிடுகிறோம். ஒரு பிரதி தன் அரசியலை ஒளித்துவைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. யாத்திராகமத்தில் பலிபீடம் 5 முழத்துக்கு 5 முழம். தூபபீடம் 1 முழத்துக்கு 1 முழம். பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கம் இரண்டாக மடித்துச் சாணுக்குச் சாண். நீளம் அகலம் சொல்லியும் 'சதுரம்' என்ற வார்த்தை மூன்று இடத்திலும் தனியாக வருகிறது. தச்சனுக்குச் சொன்ன குறிப்பு என்று இதை விட்டுவிட முடியாது.

நான்கு திசை, முழுமை, பூரணம் என்பார்கள் பிரசங்கிகள். சரி, யாருடைய முழுமை?

வாசஸ்தலத்தின் பிராகாரம் 100 முழத்துக்கு 50. சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலயம் 60க்கு 20. இவை நீள்சதுரங்கள்தாம். உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் மட்டும் நீளம், அகலம், உயரம் எல்லாமே 20 முழம். அதற்குள் போக லேவியராகமம் அனுமதிப்பது ஒரே ஒரு ஆளை, வருஷத்தில் ஒரே நாள். உள்ளே போகப்போக வடிவம் ஒழுங்காகிறது, ஆட்கள் குறைகிறார்கள். அதே நூலின் 21ஆம் அதிகாரம் பார்வையற்றவர், கால் ஊனமானவர், கூன் விழுந்தவர் என்று பட்டியல் போடுகிறது. ஆசாரிய வம்சத்தில் பிறந்திருந்தாலும் இவர்கள் பலிபீடத்தை நெருங்கக் கூடாதாம். கோணாத பீடத்துக்குக் கோணாத உடம்பு கேட்கிறார்கள்.

ஆனால் யாத்திராகமத்திலேயே இன்னொரு குரல் இருக்கிறது. உளி பட்ட கல்லால் பலிபீடம் கட்டாதே, பட்டால் தீட்டு என்கிறது 20ஆம் அதிகாரம். ஆராத்தில் கிடைத்த பீடம் செதுக்காத கல்லால் ஆனது. பெயர்செபாவில் 1973இல் யோகனான் ஆகரோனி கண்டெடுத்ததோ நேர்த்தியாகச் செதுக்கிய கற்கள், மூலைகளில் கொம்புகளோடு. யாரோ அந்தப் பீடத்தைப் பிரித்துக் கிடங்குச் சுவரில் வைத்துக் கட்டியிருந்தார்கள். எந்த ஒழுங்கு கடவுளுடையது என்பதில் அந்தச் சமூகத்துக்குள்ளேயே சண்டை இருந்திருக்கிறது.

எசேக்கியேலை இவ்வளவு சுலபமாகக் குற்றம்சாட்ட எனக்கு மனமில்லை. கி.மு. 573வாக்கில் பாபிலோனில் ஒரு சிறைக்கைதி, இடிந்துபோன ஆலயத்துக்குப் பதிலாக 500க்கு 500 என்று ஒரு சதுரத்தைக் கனவில் அளக்கிறான். மண்ணில்லாதவனிடம் கோடுதான் மிச்சம். ஆனால் அந்தச் சுவர் எதற்கு என்பதை அவனே சொல்லிவிடுகிறான்: புனிதத்தையும் சாதாரணத்தையும் பிரிக்க. இரண்டு அதிகாரம் தள்ளி அந்நியன் உள்ளே வரக் கூடாது என்று சட்டமாகிறது. அடிமைப்பட்டவனின் தற்காப்பு எப்போது விலக்காக மாறியது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை.

ஏரோது விரிவாக்கிய ஆலய வளாகம் நிஜத்தில் கோணல் நாற்கரம். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவோ 500க்கு 500 முழம் என்றே எழுதுகிறது. தரை கோணினால் என்ன, ஏட்டில் சதுரம் நிற்கிறது! கோடும் சும்மா நிற்கவில்லை. 1871இல் கிளெர்மோன்-கனோ கண்டெடுத்த கிரேக்கக் கல்வெட்டு, தடுப்பைத் தாண்டிப் பிடிபடும் அந்நியனின் சாவுக்கு அவனே பொறுப்பு என்று எச்சரிக்கிறது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கி.பி. 70இல் ரோமப் படை அந்த ஆலயத்தை அழித்தது. அதன் பின், முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டதாகப் பலர் கருதும் வெளிப்படுத்தின விசேஷத்தில், பழைய உள்ளறை ஊதிப் பெருத்து நகரமாகிறது: 12,000 ஸ்தாதி, மூன்று பக்கமும் சமம். ஒருவன் மட்டும் நுழைந்த அறைக்குள் இனி ஜனங்கள் குடியிருப்பார்கள். தனியாக ஆலயம் கிடையாது, வாசல்கள் அடைக்கப்படுவதும் கிடையாது. இரண்டே வசனம் தள்ளி, யார் யார் உள்ளே வரக் கூடாது என்று மறுபடி ஆரம்பிக்கிறது.