அல்மா-ஆத்தா பிரகடனம்: பேராக் தோட்டங்களிலிருந்து ஒரு விளக்கவுரை

1978 செப்டம்பர் 12ஆம் நாள், அன்றைய சோவியத் கஸகஸ்தானின் தலைநகரான அல்மா-ஆத்தாவில் 134 நாடுகளின் பேராளர்கள் ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். மாநாட்டைக் கூட்டியவை உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும். பிரகடனத்தில் பத்தே கூறுகள். ஆரம்ப சுகாதாரச் சேவை என்று இன்று எல்லா நாட்டிலும் பேசப்படுவதற்கு அதுதான் மூலம். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பால்மரக் காடுகளில் பிறந்து, தோட்டம் கைமாறியபின் ஈப்போ ஓரத்துக்கும் சுங்கை சிப்புட் பக்கத்துக்கும் வந்து சேர்ந்த நம் மக்களை நினைத்துக்கொண்டு அதைக் கூறு கூறாகப் படிக்கிறேன். மூலத்தின் வாசகங்களை அப்படியே தராமல் கருத்தை மட்டும் தந்து உரை சொல்கிறேன்.

கூறு 1, 2

நலம் மனிதரின் அடிப்படை உரிமை என்பது முதற்கூறு. நாடுகளுக்கிடையிலும் ஒரே நாட்டுக்குள்ளும் நிலவும் பெரும் ஏற்றத்தாழ்வை ஏற்க முடியாது என்பது அடுத்தது.

‘ஒரே நாட்டுக்குள்ளும்’ என்பதுதான் நமக்கு முக்கியம். நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் மலேசியா தலைநிமிர்ந்து நிற்கும். அல்மா-ஆத்தாவுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கிராமப்புறச் சுகாதாரச் சேவை நடைபோட ஆரம்பித்துவிட்டது. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், அதன்கீழ் 4 துணை நிலையங்கள், 20 மருத்துவச்சி கிளினிக்குகள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு மருத்துவச்சி. அவர் குடியிருப்பதும் கிளினிக்கோடு சேர்ந்த வீட்டில்தான். நள்ளிரவில் வலி எடுத்தாலும் போய்க் கதவைத் தட்டலாம். 1970களில் இது இரண்டு அடுக்காக மாறி, 4,000 பேருக்கு கிளினிக் டேசா எனும் ஒரு கிராமக் கிளினிக், 20,000 பேருக்கு கிளினிக் கெசிஹாத்தான் எனும் ஒரு சுகாதார நிலையம் என்றானது. பிரசவத்தில் தாய் சாவது இந்நாட்டில் அரிதாகிப் போனதில் இந்தக் கிளினிக்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அது கம்பத்தை, அதாவது மலாய்க் கிராமத்தை, வைத்துப் போட்ட கணக்கு. தோட்டம் தனியார் நிலம். தோட்டத்து மக்களின் வைத்தியம் முதலாளியின் பொறுப்பு என்று காலனிக் காலத் தொழிலாளர் சட்டம் வைத்ததை மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பிறகும் மாற்றவில்லை. 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி.சம்பந்தன். தோட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்குவதற்கென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர் கையில் இலாகா இருந்தும், அரசின் சுகாதார அமைப்பு பெரும்பாலும் தோட்டத்து வேலியோடு நின்றுகொண்டது. ஒரு மனிதரின் நல்லெண்ணம் தாண்டிவிடக்கூடிய எல்லையாக அது இருக்கவில்லை.

கூறு 3

பொருளாதார வளர்ச்சி இல்லாமல் நலம் இல்லை, நலமில்லாமல் வளர்ச்சியும் இல்லை என்கிறது இது. நாட்டின் ரப்பர் வருமானம் யார் முதுகில் ஏறி வந்தது என்பது தெரிந்தவர்களுக்கு இங்கே உரை தேவையில்லை.

கூறு 4

தங்கள் சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமை, கடமையும்கூட.

மக்கள் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈப்போவே சாட்சி. 1998 செப்டம்பர் வாக்கில் கிந்தா மாவட்டத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் உரக்க இருமிக்கொண்டு நோயில் கிடந்தன. பன்றிகள் தெற்கே விற்கப்பட்டு, நோய் நெகிரி செம்பிலான் வரை போனபின், 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தப் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. நாடு முழுவதும் 265 பேருக்குக் கண்டது, 105 பேர் மாண்டார்கள். பண்ணையில் நிற்கிறவர் கண்ணால் காண்பது மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் மேசைக்குப் போய்ச் சேரவும், அங்கே அதற்கு மதிப்பிருக்கவும் ஒரு வழி வேண்டும். பங்கேற்பு என்று இந்தக் கூறு சொல்வதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று கிளினிக்குகளுக்கு ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய கோஸ்பென் என்னும் சமூக நலத் திட்டம் குடியிருப்புத் தொண்டூழியர்களையும் களத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆலோசனைக் குழுவில், தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்பது நம் வேலை.

கூறு 5

மக்கள் நலத்துக்கு அரசே பொறுப்பு. 2000ஆம் ஆண்டுக்குள் எல்லாருக்கும் நலம் என்பது இலக்கு.

இந்தக் கெடுவுக்கு முந்தைய இருபது ஆண்டுகளில்தான் பேராக்கின் தோட்டங்கள் தலைகீழாக மாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. முதலாளியின் பொறுப்பு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும், வைத்தியமும் போகும். அந்தப் பொறுப்பை இன்ன தேதியில் இன்ன அலுவலகம் ஏற்றுக்கொண்டது என்று யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவில்லை. மருத்துவக் குறிப்பு, தடுப்பூசிக் கணக்கு, யாருக்கு இனிப்புநீர், யாருக்குக் காசநோய் என்று டிரஸர் எனப்படும் தோட்டத்து மருத்துவ உதவியாளர் அறிந்துவைத்திருந்தது, எல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியதோடு அற்றுப்போயின.

கூறு 6

மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் இயன்றவரை அருகில், அவர்களால் தாங்கக்கூடிய செலவில், முதற்படிச் சேவை கிடைக்க வேண்டும். பிரகடனத்தின் உயிர்நாடி இதுதான்.

தோட்டத்தில் வாழும் இடமும் வேலையிடமும் ஒன்று. அருகில் என்ற அளவில் டிரஸரை மிஞ்ச ஆளில்லை. விடியுமுன் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும்போதே உடம்பு முடியாதவர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நெற்றியில் கைவைத்து, ஒரு மிக்ஸர் தண்ணியும் இரண்டு மாத்திரையும் கொடுப்பார். அவர் சீட்டு எழுதினால் லீவு. எழுதாவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். மதிப்பெண் போடுவதென்றால் அருகாமைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். நோயாளிக்கு நல்லது ஒன்றும் பெரிய துரைக்கு நல்லது வேறொன்றுமாக இருக்கும் காலையில் அவர் பேனா எந்தப் பக்கம் சாயும்? நல்ல டிரஸர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களை நம்பித்தான் ஜனங்கள் பிள்ளை பெற்றார்கள், காய்ச்சலைக் கடந்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் சட்டமும் வந்தது. ஆனால் அருகில் இருந்தால் மட்டும் போதாது, சேவை நோயாளிக்குக் கட்டுப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அதைப் பிரகடனம் இங்கே போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்பது என் குறை.

இன்று நிலை மறுதலை. அரசுக் கிளினிக்கில் குடிமகனுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இவ்வளவு மலிவான சேவை உலகில் பல நாடுகளில் இல்லை. ஆனால் பஸ் வராத பழைய லயத்தில் பேரப்பிள்ளையோடு இருக்கும் பாட்டிக்கு, இனிப்புநீர் மாத்திரை வாங்கிவர வாடகைக் காருக்கு ஆவது அதைப்போல் பல மடங்கு. அதனால் ஒரு மாத மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் விழுங்கி இரண்டு மாதத்துக்கு இழுக்கிறவர்கள் உண்டு. அப்புறம் காலில் ஆறாத புண், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. தாங்கக்கூடிய செலவு என்பதில் வழிச்செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழோ நீல அடையாள அட்டையோ இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் எட்டாது, பெரும்பாலும் வெளிநாட்டார் கட்டணம்தான்.

கூறு 7

ஏழு உட்பிரிவுகள் கொண்ட நீண்ட கூறு. உணவு, நல்ல தண்ணீர், கழிப்பிடம், தாய்சேய் நலம், தடுப்பூசி, வட்டார நோய்கள், அவசியமான மருந்துகள் என்று அடுக்கிவிட்டு, சுகாதார இலாகா மட்டும் இதைச் செய்ய முடியாது, மற்ற துறைகளும் சேர வேண்டும் என்கிறது.

துறைகள் சேர்வது என்ற இடத்தில் பேராக்கின் முன்னாள் தோட்டங்களை வைத்துப் பாருங்கள். கிளினிக்கும் தாதியும் மத்திய அரசின் சுகாதார அமைச்சுக்கு உட்பட்டவை. நில விவகாரம் மாநில அரசின் அதிகாரம். குப்பையும் சாக்கடையும் ஊராட்சி மன்றத்துக்கு. தோட்டத்து வீடு, குடிநீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை இவற்றை முதலாளி தர வேண்டும் என்று சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் இலாகா. லயத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு பெருகினால் யாருக்குப் போன் போடுவது? தனியார் நிலம் என்பார் ஒருவர், எங்கள் எல்லையில்லை என்பார் இன்னொருவர். டெங்கிக் காய்ச்சலுக்கு இந்த எல்லைகள் தெரியாது.

மருந்தடிக்கும் பெண்களின் கதையும் இதே கூறில்தான் வரும். முதுகில் பம்ப்பு, வெயிலில் மூச்சு முட்டுவதால் கழுத்துக்கு இறங்கிய முகமூடி, நனைந்த கைலி, நகம் கறுத்த விரல்கள். அதோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். பராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத்தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. விவசாயத் துறை எடுக்க வேண்டிய முடிவு அது. அதற்காக ஆஸ்பத்திரிகள் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தன.

கூறு 8

ஒவ்வோர் அரசும் தன் கொள்கையையும் திட்டத்தையும் வகுத்து, கையிலிருக்கும் வளத்தைத் திரட்ட வேண்டும்.

ஈப்போவில் மாநிலச் சுகாதார இலாகா இருக்கிறது. மாவட்டந்தோறும் சுகாதார அலுவலகம் இருக்கிறது. புதிதாக எதையும் கட்ட வேண்டாம். முதல் வேலை ஒரு பதிவேடு. மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு முன்னாள் தோட்டம், எஞ்சிய லயம், தோட்டத்து மக்கள் குடியேறிய மலிவுவிலை அடுக்குமாடி, வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி, இவை எந்தக் கிளினிக்கின் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்ட வேண்டும். நடமாடும் கிளினிக் எந்தக் கிழமை எந்த மரத்தடியில் நிற்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். சுகாதாரம், நிலம், ஊராட்சி, தொழிலாளர் என்ற நான்கு இலாகாக்காரர்களும் ஒரே மேசையில் மாதம் ஒருமுறை அந்தப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கூறு 9, 10

நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்பது ஒன்பது. ஆயுதத்துக்கும் போருக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை நலத்துக்குத் திருப்பினால் இலக்கை எட்டலாம் என்பது பத்து.

சுங்கை சிப்புட் தோட்டங்களில் 1948 ஜூனில் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் படைக்கும் முள்வேலிக்கும் பணம் கொட்டியது அரசு. வேலிக்குள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமங்களுக்கு செஞ்சிலுவைத் தாதிகளையும் அனுப்பியது. வேண்டும் என்று தோன்றிவிட்டால், காட்டோரத்து மக்களிடம் ஒரு தாதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க பேராக்கில் அன்றே பணமும் வண்டியும் பாதையும் கிடைத்தன.