கொழுப்பு உரைக்குஞ் சான்று

சிறுநீரகத்தைச் சூழ்ந்துள்ள கொழுப்பு அவ்வுறுப்பைத் தாங்கும் மெத்தை மாத்திரமே என எண்ணுதல் இயல்பு. ஆயின், சிறுநீரகக் கட்டிகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு, மருத்துவர் மீண்டும் மீண்டும் கொழுப்பையே சான்றாகக் கொண்டு நோயின் இயல்பைத் துணிய முற்பட்டமை புலனாகும். அச்சான்று ஒருகால் மயக்கிற்று, ஒருகால் வழிகாட்டிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சிறுநீரகத்திற் காணப்பட்ட மஞ்சள் நிறக் கட்டிகள் சில, கொழுப்புக் கட்டிகள் எனவே கொள்ளப்பட்டன. 1883 இல் ஜேர்மனிய நோயியலறிஞர் போல் கிராவிற்சு இதனை மறுத்தார். கட்டியின் கலங்களிற் கொழுப்பு நிறைந்திருத்தலை அதிரீனற் சுரப்பியின் கலங்களோடு ஒப்பிட்டு, சிறுநீரகத்துட் சிக்கிய அச்சுரப்பித் துணுக்குகளே இவற்றிற்கு மூலம் என்றார். ஒரு பிழையைக் களைந்தவர் மற்றொன்றிற்கு வித்திட்டார். எதிர்ப்புக்கிடையேயும் அக்கொள்கை நெடுங்காலம் நிலவியது. 1960 இல் ஒபர்லிங்கும் அவர்தம் துணைவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வாயிலாக, அக்கலங்கள் சிறுநீரக நுண்குழற் கலங்களையே ஒத்தன எனக் காட்டினர்.

கலத்தினுள் அமைந்த கொழுப்பேயன்றி, உறுப்பின் புறத்தமைந்த கொழுப்பும் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. அதனைப் பொதிந்துள்ள உறையை 1895 இல் ருமேனிய அறிஞர் கெரோற்றா விவரித்தார். ரொறன்ரோ நகரத்து அறுவை மருத்துவர் ரொப்சன், சிறுநீரகத்தைக் கொழுப்போடும் உறையோடும் ஒருங்கே அகற்றல் வேண்டுமென 1963 இல் வற்புறுத்தினார். 1969 இல் அவர் வகுத்த படிநிலைகளுள், புற்று அக்கொழுப்பிற் புகுதல் இரண்டாம் நிலையாயிற்று. கொழுப்பிற் புகுந்தமை நோய் முற்றியமைக்கு அறிகுறி என்பது இன்றும் ஏற்கப்படுகின்றது.

1971 இல் முதன்முதல் நோயாளியொருவரிடத்துப் பயன்படுத்தப்பட்ட சீ. ரீ. படமுறை, பின்னர் உடலை அறுக்காமலே கொழுப்பின் தடிப்பை அளக்க வழி செய்தது. நான்கு சென்ரிமீற்றருக்குட்பட்ட கட்டிகளை அகற்றிப் பார்க்குமிடத்து, ஏறக்குறைய ஐந்திலொன்று தீங்கற்றதாயிருத்தல் அறியப்பட்டது. வேண்டாத அறுவையைத் தவிர்க்க விழைந்த ஆய்வாளர், கொழுப்பின் தடிப்புக் கொண்டு கட்டியின் கொடுமையை முன்னறிய முயன்றனர்.

ஈண்டு எச்சரிக்கை வேண்டும். ஆடவரிடத்தும் உடல் பருத்தவரிடத்தும் இக்கொழுப்பு மிகுதி. சிறுநீரகப் புற்றும் அவர்களிடத்து மிகுதி. ஆதலின் தடித்த கொழுப்பு நோய்க்குக் காரணமோ, உடனிகழ்ச்சியோ என்பதை ஆய்ந்தே துணிதல் வேண்டும். ஒப்புமையைத் தோற்றுவாயெனக் கொண்ட கிராவிற்சின் வரலாறு புகட்டும் பாடமும் இதுவே. சான்று பொய்ப்பதில்லை, அதனை ஆராயாது துணிதலே பிழையாகின்றது. அப்பிழையாற் கேடுறுவது நோயாளியின் சிறுநீரகமே.