மாயமும் யந்திரமும் – 9: பேயா, ஒளியா?

சென்ற வாரம் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில், ஒரு தூணின் முன்னால் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை. ராகு காலம் தொடங்கிவிட்டது. சிங்க முகம், பறவையின் இறக்கை, எட்டுக் கால்கள். தூணில் இருக்கும் சரபேஸ்வரரைக் காண ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் வந்த கூட்டம் நெருக்குகிறது.

இரணியனைக் கிழித்த பின்னும் சினம் ஆறாத நரசிம்மரை அடக்கச் சிவன் எடுத்த வடிவம் இது என்பார்கள் சைவர்கள். வைணவர்கள் விடுவார்களா? அந்தச் சரபத்தை அடக்க நரசிம்மரே இரட்டைத் தலைப் பறவையாக, கண்டபேருண்டமாக மாறினார் என்பது அவர்கள் பதில். கடைசியில் ஜெயித்தது யார்? தீர்ப்பு வரவேயில்லை. இரண்டு கதைகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இன்றும் குடியிருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1926-ல் நியூயார்க்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். அறிவியல் கதைக்கென்றே ஒரு பத்திரிகை. பிறகு பேய்க்கதைக்கு ஓர் அலமாரி, மாயாஜாலத்துக்கு ஓர் அலமாரி, விண்வெளிக்கு ஓர் அலமாரி என்று மேற்கே தச்சு வேலை மும்முரமாக நடந்தது. நம் ஊரில் எல்லாம் ஒரே பரணில் கிடந்தன. அதை நம் பின்தங்கல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அந்தப் பரணிலிருந்து வந்ததைப் பாருங்கள்.

1943-ல் புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ எழுதினார். கதைசொல்லி ஓர் எழுத்தாளன். தூக்கம் வராத இரவில் எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது. அடுத்த நாள் வாசலில் ஒரு பிச்சைக்காரி நிற்கிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வந்தவள் பேயா, அல்லது தூக்கம் கெட்ட மூளையின் தோற்றமா? புதுமைப்பித்தன் கடைசி வரை சொல்லவில்லை. மாடம்பாக்கத்துத் தூணைப் போலவே அவரும் இரண்டு பதில்களையும் உயிரோடு விட்டார். பிரெஞ்சு மொழியில் எழுதிய தோதரோவ், வாசகன் இப்படி இரண்டுக்கும் நடுவே தயங்கி நிற்கும் நேரம்தான் இந்த வகை எழுத்தின் இலக்கணம் என்று வகுத்தது 1970-ல்தான்!

ஆனால் தயக்கத்தின் ஒரு பக்கத்தில் பேய் இருந்தால், மறுபக்கத்தில் வெறும் மனப்பிரமை மட்டும்தானா? அங்கே ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

அதைச் செய்யப்போகிற இளைஞர் 1950களில் இங்கிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தார். செம்பாக்கம், சிட்லபாக்கம் தாண்டினால் குரோம்பேட்டை. அங்கே சி. ராஜம் தன் வீட்டையே விற்று 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே அதே ஐம்பதுகளில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்த ராமேசுவரத்து மாணவரை உலகம் அறியும். அவர் அப்துல் கலாம். நான் சொல்ல வந்தவர் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ். ரங்கராஜன். ரா.கி. ரங்கராஜன் என்று ஏற்கெனவே ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததால், பிற்பாடு மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார்: சுஜாதா.

1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் வாரா வாரம் அவருடைய ‘கொலையுதிர் காலம்’ வந்தது. லீனா என்ற பெண்ணுக்குப் பெரிய சொத்து வரப்போகிறது. அவள் இருக்கும் இடத்தில் இருட்டில் ஒரு பெண்ணுருவம் தோன்றி மறைகிறது, பிணம் விழுகிறது. துப்பு துலக்க வந்த வக்கீல்கள் கணேஷும் வசந்தும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பேய் என்கிறது ஒரு கட்சி. ஹோலோகிராம் என்கிறது மற்றது.

ஹோலோகிராம் அப்போது எத்தனை பேருக்குத் தெரியும்? டென்னிஸ் காபர் 1947-ல் கண்டுபிடித்தது. 1960-ல் லேசர் பிறந்த பிறகே கைகூடியது. 1971-ல் அவருக்கு நோபல் வாங்கித் தந்தது. லேசர் கதிரை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளின் மேல் பட்டுத் திரும்ப, மற்றது நேரே வந்து பிலிமில் அதோடு மோதுகிறது. அந்த மோதலின் கோலத்தை மறுபடி ஒளியூட்டினால், இல்லாத பொருள் முப்பரிமாணத்தில் எதிரே நிற்கும். டீக்கடையிலும் ரயிலிலும் குமுதம் படித்த மனிதருக்கு இதை ஒரு கொலைக் கதைக்குள் வைத்து விளக்கிவிட்டார் சுஜாதா. தமிழ் வாரப் பத்திரிகை செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

விளக்கியவர் பேயை விரட்டிவிட்டாரா? இல்லை. கடைசி அத்தியாயத்திலும் கணேஷும் வசந்தும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது என்பது படிப்பவர் பாடு. ஸ்ரீரங்கத்துப் பையனும் எம்.ஐ.டி. மாணவரும் ஒரே பேனாவில் எழுதினால் வேறெப்படி முடியும்?

அதே பத்தாண்டில் ஆனந்த விகடன் பக்கங்களில் சுஜாதா இன்னொரு வீட்டுக் கதவைத் திறந்தார். கதை நடக்கும் ஆண்டு 2021. நிலா என்ற பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தந்திருக்கிறது. நல்ல செய்தியைச் சொல்லக் கணவன் சிபியைத் தேடுகிறாள், அவனைக் காணோம். காணோம் என்பது மட்டுமில்லை, அப்படி ஒருவன் இருந்ததற்கே பதிவு இல்லையாம். அவள் திகைத்து நிற்கும்போது குடியிருக்க இடம் கேட்டு ஒருவன் வருகிறான். கூடவே ஒரு நாய்.

அந்த நாய் வாயைத் திறந்து பேசியது.

(தொடரும்)