முன்பணம் (பாலியல் தொழிலில்)

தரகரோ விடுதியோ இடையில் இன்றித் தாமே தொழில் நடத்தும் பாலியல் தொழிலாளர், சந்திப்பை உறுதி செய்யும்பொருட்டு வாடிக்கையாளரிடம் முன்கூட்டிப் பெறும் தொகை. வீண் அலைச்சலையும் அறை வாடகை நஷ்டத்தையும் இது தவிர்க்கிறது. இரு தரப்பினருக்கும் இதில் இரகசியமே பிரதானம். ஆஸ்திரேலியாவில் வழங்கும் பேஐடி எனும் பணப் பரிமாற்ற முறையில், கைப்பேசி எண்ணை இட்டவுடனே பெறுபவரின் பதிவுப்பெயர் அனுப்புபவரின் திரையில் தோன்றிவிடுவதால், சொந்தப் பெயரை மறைத்து வாழ வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தச் சௌகரியமே அபாயமாகிவிடுகிறது. ஆதலின் வியாபாரப் பெயரில் தனிக்கணக்கு, பரிசு அட்டை, பிட்காயின் ஆகியவை கையாளப்படுகின்றன. பிட்காயின் பேரேடு எவரும் காணத்தக்கதாகையால் அதிலும் பூரண மறைவு இல்லை. அமெரிக்காவில் 2015-இல் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் பேக்பேஜ் விளம்பரத் தளத்துக்குத் தம் சேவையை நிறுத்தியபோது, அங்கு விளம்பரம் செய்தோர் பலர் பிட்காயினை நாட நேர்ந்தது. தொழில் சட்டபூர்வமான தேசங்களிலும் வங்கிகள் பாலியல் தொழிலாளரது கணக்கை முடக்குவதுண்டு. உழைத்துப் பெற்ற ஊதியத்தை இவ்வாறு தடுப்பது அநியாயமே. நியூசிலாந்து 2003-இலேயே இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 2022-இல் இயற்றிய சட்டத்தின் வாயிலாக, ஒருவரது தொழிலைக் காரணம் காட்டிச் சேவை மறுப்பதையும் பாரபட்சமென விலக்கியது.