பொம்மைச் சிப்பாய்க்கு நிறம் பூசுவது யார்?

வெள்ளவத்தையில், எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டில், பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருக்கு. உள்ளே பதினொரு பிளாஸ்ரிக் சிப்பாய்கள். கட்டைவிரல் உடைஞ்சவை, இடுப்புக் கழன்றவை. கூடவே ஒரு சின்னப் பையில் அவையின்ர சாமான்கள்: துவக்குகள், தொப்பிகள், முதுகுப்பைகள். அதில் ஒரு முதுகுப்பையைத் தொட்டால் விரலில் ஒட்டும். கடும் பச்சை எனாமல் பெயின்ற். பூசி முப்பது வருசமாகப் போகுது, இன்னும் காயேல்லை.

ஏன் காயேல்லை என்பதற்கு ஒரு இரசாயனக் காரணம் இருக்கு. ஏன் பூசினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது.

வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கு. 1964இல் ஹாஸ்புரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குலச் சிப்பாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்று சொன்னால் ஆம்பிளைப் பிள்ளையள் விளையாடமாட்டினம் என்ற பயத்தில், பொம்மை என்ற சொல்லையே விலக்கி ‘அக்‌ஷன் ஃபிகர்’ என்று பேர் வைத்தார்கள். இருபத்தைந்து வருசம் கழித்து, 1989இல், இறக்குமதி வரி வழக்கொன்றில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘இதுவும் பொம்மைதான்’ என்று தீர்ப்புச் சொன்னது வேறு கதை.

வியாபாரத்தின் சூட்சுமம் சிப்பாயில் இல்லை, அவன்ர சாமான்களில் இருந்தது. பார்பிக்கு உடுப்பு விற்ற மாதிரி, ஜோவுக்குச் சீருடை, துவக்கு, கூடாரம் எல்லாம் தனித்தனியாக விற்றார்கள். ஒருக்கால் சிப்பாயை வாங்கினவர் பிறகு வாங்கிக்கொண்டே இருக்க வேணும். வியட்நாம் போருக்கு எதிர்ப்புக் கூடக்கூட, அந்தச் சிப்பாய் மெல்ல மெல்லச் சாகசப் பயணியாக மாறினான். எழுபதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றது. 1982இல் திரும்பி வந்தபோது உயரம் மூன்றே முக்கால் அங்குலம். மலிவு, சட்டைப்பைக்குள் அடங்கும்.

இந்தச் சின்னச் சிப்பாயின் முதுகில் ஒரு திருகாணி. கழற்றினால் உடம்பு பிரியும், உள்ளே ஒரு ரப்பர் வளையம் எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சிருக்கும். ஒருவன்ர கையை இன்னொருவனுக்கு மாட்டலாம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் தங்கட சிப்பாய்களைத் தாங்களே மாற்றிச் செய்யத் தொடங்கினதற்கு இந்தத் திருகாணி ஒரு பெரிய காரணம்.

மாற்றிச் செய்யும் வேலையை முதலில் தொடங்கினது கம்பனியேதான். உருக்கு அச்சு செய்வதுதான் செலவு. நிறம் மாற்றுவது மலிவு. அதனால் பழைய அச்சில் வார்த்த சிப்பாய்க்குப் புது நிறம் பூசி, புது ஆளாக விற்கலாம். எதிரிப் படையின் விமானத்துக்கு நிறம் மாற்றினால் அது நல்லவர்களின் விமானம். கதையில் கட்சி மாறுவதற்கு ஒரு கோட் பெயின்ற் போதும்.

அச்சுகள் நாடுவிட்டு நாடும் போயின. பிரேசிலில் எஸ்ட்ரெலா, ஆர்ஜென்டீனாவில் பிளாஸ்டிராமா, இந்தியாவில் ஃபன்ஸ்கூல். இந்த ஃபன்ஸ்கூல் எங்களுக்குக் கிட்ட உள்ள கதை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கொட்டிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிறகு டயர் கம்பனியாகி, ஹாஸ்புரோவோடு சேர்ந்து 1987இல் ஆரம்பித்த விளையாட்டுச் சாமான் நிறுவனம் அது. அவர்கள் வெளியிட்ட சிப்பாய்களில் பலதுக்கு அமெரிக்கச் சிப்பாயின் அதே முகம், ஆனால் வேற நிறம். இன்றைக்கு உலகத்துச் சேகரிப்பாளர்கள் தேடித் திரிவது இந்த விசித்திர நிறங்களைத்தான்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் நண்பன் ஒருவனின் வீட்டில் அப்படி இரண்டு இருக்கு. அவன்ர அப்பா சின்னனாக இருக்கேக்க, சென்னைக்குச் சாமான் எடுக்கப் போன உறவுக்காரர் சாறிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. “அமெரிக்கன் சாமான் எண்டுதான் நான் கனகாலம் நினைச்சனான்” என்று அப்பா சிரிக்கிறார்.

இனி வெள்ளவத்தைப் பெட்டிக்கு வருவோம்.

1988இல் ஹாஸ்புரோ பழைய சிப்பாய்கள் சிலருக்கு மஞ்சளும் கடும் வரிகளும் பூசி, ‘டைகர் ஃபோர்ஸ்’ என்ற பேரில் விற்றது. வியட்நாம் போரில் அதே பேரில் ஒரு அமெரிக்கப் படைப்பிரிவு உண்மையிலேயே இருந்தது. அது பொதுமக்களைக் கொன்ற விவரங்களை 2003இல் ஒரு அமெரிக்கச் செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்து, அடுத்த வருசம் புலிட்சர் விருது பெற்றது. விளையாட்டுக் கடையில் நின்ற பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. ‘புலிப்படை’ என்பது அங்கே வெறும் நிறம்.

லண்டனில் இருந்த பெரியப்பா கொழும்புக்கு அனுப்பிய பார்சலில் அந்தப் புலிப்படைச் சிப்பாய் ஒருவன் வந்தான். பெற்றவர் எங்கள் நண்பியின் மாமா, அப்ப பதினொரு வயசு. அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த பேரை அம்மம்மா வாசித்தா. அட்டை அன்றைக்கே அடுப்புக்குள் போனது. சிப்பாயைப் பிடுங்க மனம் வரேல்லை.

மாமாவுக்கு ஒரு குறை. கம்பனி உடுப்புக்கு வரி பூசியிருந்தது, ஆனால் முதுகுப்பை வெறும் ஒற்றை நிறம். சாமான்களை ஒரே நிறப் பிளாஸ்ரிக்கில் வார்த்து அப்படியே விடுவதுதான் வழக்கம். அதனால் ஈர்க்குக் குச்சியைக் கூராக்கி, கறுப்பு மையில் தோய்த்து, நகத்தளவு பைக்கு வரி போட்டார். துவக்கு முனையில் வெள்ளிப் பெயின்ற் தேய்த்து, பழசான இரும்பு மாதிரிக் காட்டினார். இன்றைக்கு இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ‘டிரை பிரஷ்’ என்று சொல்லும் உத்தி அது. அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு இரவு, பக்கத்து ஒழுங்கையில் தேடுதல் நடக்குது என்று கதை வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வீடுகளுக்கு அது பழகின கதை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் மேசையில் எடுத்து வைக்க வேணும். அம்மம்மா பதிவுத் துண்டை எடுத்து வைத்தா. பிறகு கேற்றுக்குப் பூசின மிச்சப் பச்சைப் பெயின்ற் பேணியைத் திறந்து, சிப்பாயையும் பையையும் முழுசாகப் பூசினா. மாமா அழுதாராம். “உது விளையாட்டுச் சாமான் எண்டு ஆருக்கு விளங்கப்படுத்துறது?” என்று அவ கேட்டதை அவர் இன்னும் சொல்லுவார்.

அன்றைக்கு அவர்களின் வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை.

இரசாயனக் காரணம் இதுதான். சிப்பாயின் உடம்பு கடினமான பிளாஸ்ரிக், அதில் எனாமல் காய்ந்துவிட்டது. முதுகுப்பை மெதுவான வைனில். அதை வளையப் பண்ணுவதற்குச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்ல வெளியே ஊறி, மேலே உள்ள எனாமலை இளக்கிக்கொண்டே இருக்கும். இப்ப செய்பவர்கள் முதலில் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, தண்ணியில் கரையும் அக்றிலிக்கை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் பூசி, மேலே மினுக்கம் இல்லாத வார்னிஷ் அடிப்பார்கள். வளைந்த துவக்கைச் சுடுதண்ணியில் போட்டு நிமிர்த்தி, உடனே குளிர்தண்ணியில் வைப்பார்கள். அம்மம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கேல்லை.

போன மாசம் கொட்டாஞ்சேனை நண்பன் வீட்டில் எல்லாரும் கூடி, இரண்டு பெட்டிகளையும் மேசையில் கொட்டினோம். புறக்கோட்டையில் வாங்கின தூரிகைகள், யோகட் கப்பில் தண்ணி. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளுக்குத் திரும்ப வண்ணம் பூசுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் எங்களில் இருக்கினம், கை தானாக வேலை செய்தது. ஆனால் பச்சை முதுகுப்பையில் வாக்குவாதம் வந்தது. ஒருத்தர், பெயின்றைக் கவனமாகச் சுரண்டினால் கீழே மாமாவின் வரிகள் இருக்கும், அதுதான் உண்மையான பொருள் என்றார். இன்னொருத்தர், பச்சைப் பூச்சும் உண்மையான பொருள்தான் என்றார். சேகரிப்பாளருக்கு அது பழுதான சாமான். வரலாறு படிக்கிற எங்களுக்கு, வரியைவிட அதன் மேலுள்ள பூச்சுத்தான் கூடச் சொல்லுது. பதினொரு வயசுப் பிள்ளை கற்பனையில் பூசினதை, ஒரு தாய் பயத்தில் மூடின ஆவணம் அது.

சுரண்டாமல் விட்டோம்.

1993இல் அமெரிக்காவில் ஒரு கலைஞர் குழு, பேசும் பார்பியினதும் ஜி.ஐ. ஜோவினதும் குரல் பெட்டிகளை மாற்றி வைத்து, அவற்றைத் திரும்பக் கடைத் தட்டுகளிலேயே வைத்துவிட்டார்கள். பார்பி போர் முழக்கமிட்டாள், செய்தியாளர்கள் சிரித்தார்கள். பொம்மையை மாற்றுவது அங்கே பகிடியாகவும் அரசியலாகவும் இருக்க முடிந்தது. ஏறக்குறைய அதே வருசங்களில், வெள்ளவத்தையில் ஒரு நகத்தளவுப் பையை மாற்றுவது உயிர்ப்பயமாக இருந்தது. அச்சு ஒன்று, நிறமும் ஒன்று. எந்த மேசையில் இருக்குது என்பதுதான் வேற.

முடித்தபிறகு பெட்டியைப் படம் எடுத்து இந்தக் கட்டுரையோடு போட நினைத்தோம். அம்மம்மாவிடம் கேட்டோம். யோசித்துப்போட்டு, “எழுதுங்கோ பிள்ளையள், படம் மட்டும் வேண்டாம்” என்றா. போர் முடிந்து பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது என்று ஒருத்தர் சொல்ல, “அது எனக்கும் தெரியும்” என்றா.

அதனால் இந்தக் கட்டுரையில் படம் இல்லை.